அயல்வீட்டு நட்பு: ஓர் இலக்கிய நோக்கு

நட்பைப் பற்றி வகுப்பில் பேசப் புகும் தமிழாசிரியர் பிசிராந்தையாரில் தொடங்குவார். பெரும்பாலும் பிசிராந்தையாரிலேயே முடித்தும் விடுவார். அவர் பாண்டிய நாட்டுப் புலவர். கோப்பெருஞ்சோழனோ உறையூர் வேந்தன். ஒருவரை ஒருவர் கண்டதில்லை. வேந்தன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, தன் நண்பர் வருவார் என்று நம்பி அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். புலவரும் வந்து சேர்ந்தார். வியப்புக்குரிய நிகழ்ச்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால், அந்த வியப்பில் மூழ்கிய தமிழுலகம் அவ்விடத்தில் நின்ற மற்றொருவரைப் போதிய அளவு திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பொத்தியார்.

பொத்தியார் வேந்தனோடு உடனிருந்து பழகியவர். அவரும் வடக்கிருக்க முனைந்தபோது, அவர் மனைவி கருவுற்றிருந்த காரணத்தால், மகன் பிறந்தபின் வருமாறு சொல்லி வேந்தன் திருப்பி அனுப்பினான். அவ்வாறு திரும்பியவர் ஊரை அடைந்து, வேந்தன் இல்லாத மன்றத்தைக் கண்டு கலங்கிப் பாடிய பாட்டுப் புறநானூற்றில் இருக்கிறது. பல்லாண்டுகள் சோறூட்டிக் காத்த யானையை இழந்த பாகன், அது கட்டப்பட்டிருந்த இடம் பாழாய்க் கிடப்பதைப் பார்த்து அழுவதைத் தம் அழுகைக்கு அவர் உவமையாக்குகிறார். இவ்வுவமையை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். பாகன் யானையின் வீரத்தை எண்ணி அழவில்லை. அதன் கொம்பின் அழகை எண்ணியும் அழவில்லை. நேற்றுவரை அது நின்றிருந்த இடத்தைப் பார்த்தே அழுகிறான். நாள்தோறும் பழகியவர்களின் துயரம் இடத்தோடு ஒட்டியது. திண்ணை, கிணற்றடி, வேலியோரம் என்று கண்ணில் படும் ஒவ்வொன்றிலும் அது உறைந்திருக்கும். காணாமலே நட்புக் கொண்டவருக்கு இத்துயரம் வாய்க்க வழியில்லை. வெறுமையாவதற்கு அங்கே இடம் என ஒன்று இருந்ததில்லை.

திருக்குறளின் நட்பு அதிகாரத்தில், ஓரிடத்தில் கூடியிருப்பதும் பலகால் பழகுவதும் வேண்டுவதில்லை, ஒத்த உணர்ச்சியே நட்பாகிய உரிமையைத் தந்துவிடும் என்னும் கருத்தமைந்த குறள் உள்ளது. பரிமேலழகர் அதற்கு எடுத்துக்காட்டாகக் கொண்டதும் கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நட்பையே. உயர்ந்த கருத்துத்தான். எனினும் இந்த ஒரு குறளின் வெளிச்சத்திலேயே நட்பு முழுவதையும் பார்க்கப் பழகிவிட்ட நமக்குப் பழகுதல் என்பதே இரண்டாந்தரமாகப் படத் தொடங்கிவிட்டது. தொலைவில் இருப்பவனோடு கொள்ளும் நட்பு உயர்ந்தது. அடுத்த வீட்டாரோடு கொள்வது வெறும் பழக்கம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இலக்கியமும் இதற்கு இடந்தந்தது. பாரிக்குக் கபிலர், அதியமானுக்கு ஔவையார் எனப் பேரறிவாளரும் பெருவள்ளலும் கொண்ட நட்பே பாட்டாயிற்று. உப்புக் கேட்டு வேலியருகே வந்து, உப்பை மறந்து ஒரு நாழிகை பேசிவிட்டுப் போகிறவள் எந்தப் பாட்டிலும் எளிதில் அகப்படுவதில்லை.

அகப்பாடல்களில் அயலார் உண்டு; ஆனால் பெரும்பாலும் அலர் தூற்றுவோராகவே உண்டு. தலைவியின் களவொழுக்கத்தைக் கண்ணாலும் கையாலும் குறிப்புக் காட்டித் தம்முள் பேசும் பெண்டிர் அவர்கள். அடுத்த வீடு என்றாலே வாய், செவி என்ற அளவில் கவிஞர்கள் நின்றுவிட்டனர். இந்தப் பொதுப் போக்குக்கு மாறாக இரண்டு இடங்கள் நினைவுக்கு வருகின்றன. குறுந்தொகையில் ஒன்று, நற்றிணையில் ஒன்று. இரண்டிலும் அயல்வீட்டுப் பெண்ணொருத்தி தலைவனின் வரவு பற்றி நன்மொழி கூறுகிறாள். அவள் அமுதம் பெறுக என வாழ்த்துக் கிடைக்கிறது. அவள் யார், அவள் பெயர் என்ன, அவள் ஏன் சொன்னாள் என்று பாட்டுக் கூறவில்லை. அவளுக்கு இதில் ஆதாயம் எதுவும் இல்லை. கேள்விப்பட்டாள், சொன்னாள், போய்விட்டாள். அலர் தூற்றும் ஆயிரம் வாய்களுக்கு நடுவே ஒரு நல்ல வாய். அவளுக்குப் பொன்னோ புடைவையோ கிடைக்கவில்லை. அமுதமே வாழ்த்தாகக் கிடைத்துவிட்டது. அயல்வீட்டாரின் ஒரு சொல் எவ்வளவு பெரியது என்பதைச் சங்கக் கவிஞர் அறியாமல் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னே நெடுநாள் பழக்கம் இருந்திருக்க வேண்டுமே, அதைப் பாடவில்லை என்பதே குறை.

இங்கே விருந்தோம்பலை நினைவூட்டி மறுப்போர் இருக்கக் கூடும். தமிழர் வீட்டுக்கு வந்தவரைப் போற்றியவர் அல்லரோ என்பர். விருந்து என்ற சொல்லுக்கே புதுமை என்பதுதான் பொருள் என்பதைத் தமிழாசிரியருக்குச் சொல்ல வேண்டியதில்லை. விருந்தினர் புதியவர், முன்வாசல் வழியே வருபவர். முகம் சற்றே திரிந்தாலும் வாடிவிடுவார் என்று அனிச்ச மலரைவிட மெல்லியராக வள்ளுவர் அவரைக் காட்டுகிறார். அயல்வீட்டார் அப்படி வாடுபவரா? முகம் திரிந்திருந்தால், "ஏன் இன்றைக்கு முகம் இப்படி இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து அமர்பவர் அவர். விருந்துக்கென்று தனியாகச் சமைக்க வேண்டும்; அயல்வீட்டாருக்கு அடுப்பில் இருப்பதே போதும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை. ஒன்று அறம், மற்றொன்று இன்பம்.

அப்படியானால் இந்த இன்பத்துக்கு இலக்கணமே இல்லையா? இருக்கிறது. அது பள்ளிப் பாடங்களில் அதிகம் தலைகாட்டாத பழைமை அதிகாரத்தில், எண்பத்தோராம் அதிகாரத்தில் இருக்கிறது. நட்பு, நட்பாராய்தல், பழைமை என்ற வரிசையில் அது மூன்றாவது. முதல் இரண்டையும் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். ஆடை நெகிழும்போது கை விரைந்து உதவுவதை உவமை கூறும் குறளை அறியாத மாணவர் அரியர். பழைமையையோ எட்டிப் பார்ப்பாரும் இல்லை. அவ்வதிகாரத்தின் உயிர்ச்சொல் கெழுதகைமை. நெடுநாள் பழகியவர் உரிமையோடு ஒன்றைச் செய்துவிடுவதை அது குறிக்கும். அப்படிச் செய்ததற்கு உடன்பட்டு நிற்பது சான்றோர் கடமை என்று சொல்ல வந்த வள்ளுவர் உப்பாதல் என்கிறார். உப்புக்குச் சிறப்பு, தெரியாமல் கரைந்து சுவை தருவது. நண்பர் நம்மைக் கேளாமலே ஒன்றைச் செய்துவிட்டால் அதை விரும்பி ஏற்பர் என்றும் சொல்கிறார். கேட்டுச் செய்வது மரியாதை. கேளாமல் செய்வது உரிமை. வள்ளுவர் இங்கே மரியாதையைவிட உரிமையை உயர்த்திப் பேசுகிறார் என்பது நோக்கத்தக்கது.

வள்ளுவர் அயல்வீட்டாரை எண்ணியே இதை எழுதினார் என்று வாதிடுவதற்கு அகச்சான்று எதுவும் இல்லை. அரசரும் அமைச்சரும் உலவும் பொருட்பாலில் அமைந்த அதிகாரம் இது. ஆயினும் அயல்வீட்டு உறவுக்கு இதைவிடப் பொருந்தும் இலக்கணம் தமிழில் வேறில்லை. முந்திய அதிகாரமாகிய நட்பாராய்தல், ஆராயாமல் நட்புக் கொள்ளாதே என்று எச்சரிக்கிறது. அயல்வீட்டாரை ஆராய்ந்து தேர்ந்துகொள்ள யாருக்கு வாய்ப்பிருக்கிறது? சுவர் தேர்ந்து கொடுத்த நண்பர் அவர். எனவே அவர்பால் ஆராய்தல் என்னும் படியைத் தாண்டி நேராகப் பழைமைக்குள் நுழைந்துவிடுகிறோம். நுழைந்தபின் நோகத்தக்கது நடப்பதும் உண்டு. அப்போது அது அறியாமையால் வந்ததென்றோ அளவுகடந்த உரிமையால் வந்ததென்றோ கொள்க என்கிறார் வள்ளுவர். நண்பரின் குற்றத்தைப் பிறர் வந்து சொன்னாலும் செவிகொடாதவரைப் பாராட்டவும் செய்கிறார். முன்னே கண்ட அலருக்கு இதைவிட நல்ல மாற்று மருந்து உண்டோ!

இந்த இலக்கணத்துக்கு இலக்கியமாக ஒரு சிறுகதையைக் காட்ட வேண்டுமானால், கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' முதலில் நிற்கும். மலேசிய வாசகர்களுக்கு அழகிரிசாமி அயலார் அல்லர். 1953 முதல் 1957 வரை கோலாலம்பூரில், 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர். இலக்கிய வட்டம் கூட்டி இந்நாட்டு எழுத்தாளர்களுக்குச் சிறுகதையின் நுட்பங்களை உணர்த்தியவர். அன்பளிப்பு என்ற பெயரிலேயே அமைந்த அவருடைய தொகுதிக்கு 1970ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு, அவர் மறைந்த பிறகு, கிடைத்தது.

கதையில் பெரிய நிகழ்ச்சி ஏதும் இல்லை. பத்திரிகை அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவர், விடுமுறை நாள் காலையில் களைத்து உறங்குகிறார். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் உள்ளே நுழைந்து எழுப்புகின்றனர். புத்தக அலமாரியைக் குடைகின்றனர். ஏன் புத்தகம் கொண்டுவரவில்லை என்று சண்டை பிடிக்கின்றனர். அனுமதி கேட்கும் பழக்கம் அங்கே இல்லை. வீடு அவருடையது, உரிமை குழந்தைகளுடையது. இக்காட்சியை எழுதும்போது ஆசிரியரின் நடையில் ஒரு குதூகலம் தோன்றுகிறது. அறிவுரை கூறவில்லை, குழந்தைகளைத் தெய்வமாக்கவும் இல்லை. அவர்கள் தொல்லை தருகின்றனர். அந்தத் தொல்லையே அவருக்கு வேண்டியிருக்கிறது.

ஆனால் அழகிரிசாமி இந்த இன்பத்தோடு நின்றிருந்தால் அது நல்ல சித்திரமாகியிருக்கும், கதையாகியிராது. அந்தக் கூட்டத்தில் சாரங்கன் என்ற சிறுவனும் இருக்கிறான். மற்றக் குழந்தைகள் பறித்துக்கொள்கின்றனர்; அவன் கேட்டு நிற்கிறான். வேறு இரு குழந்தைகளுக்குப் பெயரெழுதிய நாட்குறிப்பு அன்பளிப்பாகக் கிடைத்திருக்கிறது, அவனுக்குக் கிடைக்கவில்லை. யாரும் வேண்டுமென்று அவனை ஒதுக்கவில்லை, கவனிக்கவில்லை, அவ்வளவே. அவன் அவரைத் தன் வீட்டுக்கு வரும்படி வருந்தி அழைக்கிறான். சென்றவருக்குச் சிற்றுண்டி தந்து உபசரிக்கிறான். அதாவது, அயல்வீட்டாரை விருந்தினராக்கிவிடுகிறான். பிறகு, தானே கொண்டுவந்த நாட்குறிப்பை நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரும்படி வேண்டுகிறான். கெழுதகைமை உடைய குழந்தைகள் எதையும் எழுத்தில் கேட்கவில்லை. அது இல்லாதவன்தான் கையெழுத்துக் கேட்கிறான். கட்டுப்பாடற்ற நட்பு என்று நாம் எண்ணி மகிழும் உறவுக்குள்ளும் ஒரு தேர்வு நடந்துகொண்டே இருக்கிறது என்ற கசப்பான உண்மையை ஆசிரியர் ஒரு சொல்கூடக் குறை கூறாமல் வைத்துவிடுகிறார். தமிழில் அயல்வீட்டு நட்பின் இனிமையையும் அதன் அடியில் கிடக்கும் முள்ளையும் ஒருங்கே கண்ட கதை இது.

இனி, இந்நாட்டுக்கு வருவோம். அயல்வீட்டு நட்புக்கு மலேசியத் தமிழர்க்கு வாய்த்தது போன்ற களம் பிறர்க்கு வாய்த்திருக்குமா என்பது ஐயமே. அது தோட்டத்து லயம். கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் வழியில் உள்ள தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். ஊர்ப்பெயரில் இருப்பவன் சீற்றம் மிக்க ஒரு தளபதி. நட்பைப் பற்றிப் பேச வந்த இடத்தில் அவன் பெயர் வந்து நிற்பது வேடிக்கைதான். லங்காட் ஆற்றின் இருமருங்கும், எதிரே கேரித் தீவிலும், கித்தாவும் பின்னர்ச் செம்பனையும் செழித்த மண் இது. அங்கெல்லாம் லயங்கள் இருந்தன. ஒரே கூரையின்கீழ் வரிசையாக வீடுகள். பல லயங்களில் நடுச்சுவர் கூரைவரை எட்டியதில்லை. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் "தண்ணீர் குடி" என்ற குரல் கேட்கும். முன்னால் நீண்டு கிடக்கும் அஞ்சடி எவருக்கும் தனியுடைமை அன்று. பால் நிறுத்துக் கொட்டிவிட்டு வீடு திரும்பி, குளித்து, உண்டு முடித்த பின்னேரத்தில் அந்த அஞ்சடியில் பெண்கள் அமர்வர். ஒருத்தி பேன் பார்ப்பாள். ஒருத்தி அரிசி புடைப்பாள். ஒருத்தி எதுவும் செய்யாமல் இருப்பாள். எவருடைய குழந்தை எவர் மடியில் தூங்குகிறது என்று கணக்கு வைத்தவர் இல்லை. குழம்புக் கிண்ணம் கைமாறும். திரும்பி வரும்போது அது வெறுமையாய் வராது.

இவ்வளவும் கண்முன் நடந்திருக்க, மலேசியத் தமிழ்ப் புதினம் இதை எவ்வாறு எழுதியது? இங்குதான் குறை தோன்றுகிறது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' சயாம் மரண இரயில் பாதையின் கொடுமையைப் பேசுகிறது. அவருடைய 'லங்காட் நதிக்கரை' 1948இல் தொடங்கி 1960இல் முடிந்த அவசரகாலத்தில் காட்டிலிருந்தவர்களுக்கும் அரசுப் படைகளுக்கும் இடையே அகப்பட்ட மக்களைப் பேசுகிறது. கா. பெருமாளின் 'துயரப் பாதை' தன் பெயரிலேயே தன் பொருளைச் சொல்லிவிடுகிறது. இவை இந்நாட்டுத் தமிழர் வரலாற்றின் ஆவணங்கள். இவற்றின் பெருமையைக் குறைத்துச் சொல்வார் இரார். ஆயினும் வரலாற்றுப் புதினம் நிகழ்ச்சியிலிருந்து நிகழ்ச்சிக்குத் தாவிச் செல்லும் இயல்புடையது. பின்னேரத்து அஞ்சடியில் நிகழ்ச்சி இல்லை. ஆகவே அது கதையில் பின்புலமாக நின்றுவிடுகிறது. லயத்து மக்கள் ஒருவருக்கொருவர் தோள் கொடுக்கும் காட்சிகள் உண்டு. ஆனால் அவை சாவு வந்தபோது, சிப்பாய் வந்தபோது, வேலைநிறுத்தம் வந்தபோது வருபவை. துன்பத்தில் தோள் கொடுத்தவர்கள், துன்பம் இல்லாத நாள்களில் ஒருவர் வீட்டில் ஒருவர் என்ன பேசிக்கொண்டிருந்தனர்? அந்தப் பேச்சை எழுதினால் அல்லவா அந்தத் தோள் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்?

அவசரகாலம் ஒரு தனிக் கேள்வியையும் எழுப்புகிறது. முள்வேலிக்குள் மக்கள் அடைக்கப்பட்டு, உணவு அளந்து தரப்பட்டு, காட்டிக் கொடுப்பவர் யார் என்ற அச்சம் பரவிய காலம் அது. இந்த வட்டாரத்தின் ஜெஞ்சாரோம் புதுக்கிராமம் அக்காலத்துப் படைப்பே. அடுத்த வீட்டுக்காரனோடு அளவளாவுவதே ஆபத்தாக இருந்த நிலையில் கெழுதகைமை என்னவாயிற்று? சுருங்கியதா, மறைந்து நின்று தழைத்ததா? தக்க ஓர் எழுத்தாளருக்கு இது காத்திருக்கும் பொருள்.

தோட்டத்து வாழ்வை நுட்பமாகக் காண்பதில் சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' வேறு தடத்தில் செல்கிறது. அங்கே பேச்சும் மணமும் சண்டையும் சற்றே உயிரோடு வருகின்றன. முத்தம்மாள் பழனிசாமியின் 'நாடு விட்டு நாடு' புதினம் அன்று, வாழ்க்கை வரலாறு. ஆயினும் அன்றாடத்தை அன்றாடமாகவே எழுதலாம் என்ற துணிவு அதில் இருக்கிறது. கதை பின்னுவோர் தயங்கும் இடத்தில், நினைவுகூர்வோர் தயங்குவதில்லை போலும்.

லயத்தைப் பொற்காலமாக்கிப் பாடுவதும் இலக்கியத்துக்கு உதவாது. சில தோட்டங்களில் சாதிவாரியாக லயங்கள் பிரிந்து நின்றன. கிராணி வீட்டு வேலியைத் தாண்டி எந்தத் தொழிலாளியும் குழம்புக் கிண்ணத்தோடு போனதில்லை. பொதுக் குழாயடியில் குடம் முட்டிய சண்டை மூன்று தலைமுறை பேசாமையில் முடிந்ததும் உண்டு. கள் குடித்து வந்தவன் மனைவியை அடிக்கும்போது நடுச்சுவருக்கு அப்பால் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தனர். சிலர் ஓடிவந்து தடுத்தனர், சிலர் விளக்கை அணைத்தனர். கூரை எட்டாத சுவர் இரக்கத்தையும் உள்ளே விட்டது. அவமானத்தையும் வெளியே விட்டது. அழகிரிசாமி ஒரு சாரங்கனைக் கண்டதைப் போல லயத்திலும் சாரங்கர்களைத் தேடிக் காண வேண்டும். அஞ்சடியில் எல்லாரும் அமர்ந்திருந்தபோது அமர இடமில்லாதவள் யார் என்பதே கதைக்குரிய வினா.

1950களின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அந்த நெருக்கடியில்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. வேலையாள்களின் தொகை குறைந்தது. மேம்பாட்டுக்காக நிலம் கைமாறியது. லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. தெலுக் பங்லிமா காராங்கில் தடையற்ற வணிக வலயம் எழுந்து தொழிற்சாலைகள் பெருகின. மக்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தனர். ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள் என்ற அளவில் தாமானும் ஒருவகை லயந்தான். வேறுபாடு, அஞ்சடி இருந்த இடத்தில் இரும்புக் கதவு நிற்கிறது. கணவன் இரவு வேலை, மனைவி பகல் வேலை என்றிருக்கும் வீட்டில் பின்னேரம் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. பொத்தியார் கண்ட வெற்று மன்றம் இந்த வட்டாரத்தில் பலருக்கு உவமை அன்று. செம்பனைக்கு நடுவே தனித்து நிற்கும் பழைய கோயிலைப் பார்த்தாலே தெரியும்.

ஆனால் தாமானில் லயத்தில் இல்லாத ஒன்று இருக்கிறது. ஒருபக்கம் மலாய்க்காரர், மறுபக்கம் சீனர், எதிரே தமிழர் எனச் சுவர் இப்போது வேறுவிதமாக நண்பரைத் தேர்ந்து கொடுக்கிறது. இந்த உறவை அரசும் எண்ணிப் பார்த்தது. 1975இல் துன் அப்துல் ரசாக் காலத்தில் ருக்குன் தெத்தாங்கா என்னும் அண்டை அயலார் அமைப்புத் தொடங்கப்பட்டது; அது தொடங்கிய இடமான கோலாலம்பூரின் கம்போங் காசிப்பிள்ளை தமிழர் ஒருவரின் பெயரைத் தாங்கியிருப்பது சுவையான செய்தி. முதலில் அது இரவுக் காவலுக்காக ஏற்பட்டது. நல்லுறவு பிற்பாடு அதன் நோக்கமாக வளர்ந்தது. 2012இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. சட்டத்தால் நட்பு வளருமா என்று நகைப்பது எளிது. நடுநிசியில் காவல் கொட்டகையில் காப்பியோடு அமர்ந்திருந்தவர்கள் வாய்மூடியா இருந்திருப்பர்? தருணம் எப்படி வந்தால் என்ன, அதற்குள் நட்பு நுழைந்துவிடும். அந்தக் கொட்டகையை ஒரு சிறுகதையில் காண முடிந்தால் மகிழ்ச்சியாயிருக்கும்.

சிறுகதைகளில் காண்பதோ வேறு. போட்டிகளுக்கு வரும் ஒற்றுமைக் கதைகளைப் படித்தவர்களுக்கு அவற்றின் அமைப்பு நன்கு தெரியும். ஒரு முத்து, ஓர் அகமது, ஓர் ஆ சோங். ஒரு விபத்து. மருத்துவமனையில் இரத்தம் கிடைக்கவில்லை. அயல்வீட்டு மலாய்க்காரர் இரத்தம் கொடுக்கிறார். குருதியின் நிறம் ஒன்றே என்று கதை முடிகிறது. நோக்கம் தூயது, ஐயமில்லை. ஆனால் இரத்தம் கொடுப்பதற்கு முன்பு அந்த இருவீட்டாரும் என்ன பேசினர் என்று கதையில் ஒருவரி இராது. ஹரி ராயாவுக்கு லெமாங் வந்த தட்டில் தீபாவளிக்கு முறுக்கு வைத்துத் திருப்பிய கதை, மக்சிக் என்று அழைத்துக்கொண்டே ஓடிப்போய் மழைக்கு நனையவிருந்த துணிகளை எடுத்து வைத்த கதை, அரைகுறை மலாயில் தமிழ்ப் பாட்டியும் சீனப் பாட்டியும் மருமகளைப் பற்றி வேலியோரத்தில் குறைப்பட்டுக்கொண்ட கதை ஆகியவை கதையாகத் தகுதியற்றவை என்று எழுத்தாளர் எண்ணிவிடுகிறார். துணியை எடுத்து வைத்தவர் யாரையும் கேட்டுக்கொண்டு எடுக்கவில்லை. கெழுதகைமை என்ற சொல்லைக் கேட்டறியாத மக்சிக் அதன் உரையாக நிற்கிறார்.

இக்குறைக்கு எழுத்தாளரை மட்டும் நோவதில் பயனில்லை. அவர்கள் எழுதக் கற்றது பள்ளியில். 'நல்ல அண்டை வீட்டார்' என்ற தலைப்பில் மாணவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்படும் மாதிரிக் கட்டுரைகளில் தீ, திருடன், காய்ச்சல் என்ற மூன்றும் தவறாமல் இடம்பெறும். தீ பிடித்தால் அணைப்பார். திருடன் வந்தால் பிடிப்பார். காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார். அயல்வீட்டார் என்பவர் காப்புறுதி நிறுவனத்தின் ஒரு கிளையைப் போல் ஆகிவிட்டார். அவருக்குப் பெயர் இல்லை, பேச்சு இல்லை, விருப்பு வெறுப்பு இல்லை. மாணவர் தாம் கண்டதை எழுதவில்லை. எழுத வேண்டியது என்று சொல்லிக் கொடுக்கப்பட்டதை எழுதுகின்றனர். 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு கைவிடப்பட்ட பின்னரும் இந்த மூன்று விபத்துகளும் கட்டுரை ஏடுகளை விட்டு அகலவில்லை.

இதற்கு நடுவே எப்போதேனும் ஒரு மாணவி, பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, அடுப்பில் இருக்கும் குழம்பைத் திறந்து பார்த்து, "இன்றைக்கும் புளி கூடிப்போயிற்று" என்று சொல்லிவிட்டு, ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு போவார் என்று எழுதிவிடுவதுண்டு. தலைப்புக்குப் பொருந்தாத செய்தி என்று அந்த வரியின்மேல் சிவப்பு மை ஓடுகிறது. ஓடாமல் அங்கே நின்று, "அடுத்த நாள் அம்மா புளியைக் குறைத்தாரா?" என்று ஓரத்தில் எழுதிக் கேட்கலாம். மாணவி மறுபடியும் ஒரு பக்கம் எழுதி வருவாள்.